கொடையா, கடன் தீர்ப்பா? 1948ஆம் ஆண்டும் ஆலன் பேட்டனின் புதினமும்

தென்னாப்பிரிக்க வரலாற்றில் 1948ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகளால் நினைவுகூரப்படுகிறது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், ஆலன் பேட்டன் எழுதிய 'க்ரை, த பிலவ்ட் கன்ட்ரி' என்னும் ஆங்கிலப் புதினம் நியூயார்க்கில் வெளியாயிற்று. அன்புக்குரிய நாட்டை நோக்கி 'அழுவாயாக' என்று விளிப்பதாக அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்து, மே 26ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் டி.எஃப். மலான் தலைமையிலான தேசியக் கட்சி வென்றது. இன ஒதுக்கல் அந்நாட்டு அரசின் கொள்கையாயிற்று. நாற்பதாண்டுகளுக்கும் மேல் நீடித்த ஒரு கொடுமைக்கு அந்நாளே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

நூலும் தேர்தலும் ஒன்றற்கொன்று காரணமானவை அல்ல. நூல் 1946இலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. எனினும் உலகம் அதை வாசித்தது 1948க்குப் பிறகுதான். அக்கொடுமை ஒவ்வொரு சட்டமாக அரங்கேறி வந்த ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவை அறிய விரும்பிய பிறநாட்டார் பலரும் முதலில் கையிலெடுத்த நூல் இது. எனவே அந்த ஆண்டையும் இந்த நூலையும் அருகருகே வைத்து நோக்குவது தகும். அவ்வாறு நோக்குங்கால் நம்முன் ஒரு வினா எழுகிறது. இழைக்கப்பட்ட அநீதிக்கு மருந்து, இழைத்தவர்தம் மனமாற்றமா? அல்லது இழந்தவர்தம் உரிமையைச் சட்டத்தால் மீட்டுத் தருவதா? பேட்டனின் நூல் முதலாவதையே விடையாகத் தருகிறது என்பது பரவலான கருத்து. அந்நூலுக்குள்ளேயே இரண்டாவது விடையும் ஒரு சிறு பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதும், அந்தக் குரலைக் கொண்டே இந்நூலை மதிப்பிட வேண்டும் என்பதும் நமது கருத்து.

அந்த ஆண்டு

இனப்பாகுபாடு 1948இல்தான் தோன்றியது எனக் கருதுவது பிழையாகும். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம், ஆப்பிரிக்கர் நிலம் வாங்கவும் குத்தகைக்குப் பெறவும் உரிய பரப்பை நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட்டிருந்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏறத்தாழ 13 விழுக்காடாக உயர்த்த இசைந்தது. நகரங்களுக்குள் நுழையவும் தங்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்கும் பழையது. 1948 தேர்தலில் தோற்ற பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை வரைந்தவர்களில் ஒருவர். ஆயினும் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவரது ஆட்சியில் பிறந்ததே.

தேர்தல் முடிவும் கருதத்தக்கது. வாக்காளர்களில் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையரே. அவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர் ஸ்மட்ஸின் ஐக்கியக் கட்சிக்கே வாக்களித்தனர். தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் கிராமப்புறத் தொகுதிகளுக்குக் கூடுதல் எடை தரும் தொகுதிப் பங்கீட்டினால், 153 இடங்கள் கொண்ட அவையில் தேசியக் கட்சி 70 இடங்களையும், அதன் துணைக் கட்சி 9 இடங்களையும் பெற்றன. ஐக்கியக் கட்சிக்குக் கிடைத்தவை 65. ஸ்மட்ஸ் தமது சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஒரு நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினராயிருந்த வெள்ளையருள்ளும் சிறுபான்மையினராயிருந்தோரின் விருப்பம், மற்ற அனைவரின் தலைவிதியாயிற்று.

அதன்பின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949இல் வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பது தடை செய்யப்பட்டது. 1950இல் மக்கள் ஒவ்வொருவரையும் இன்ன இனத்தார் என்று பதிவு செய்யும் சட்டமும், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என வரையறுக்கும் சட்டமும் இயற்றப்பட்டன. 1953இல் பொது இடங்களைப் பிரிக்கும் சட்டமும், ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு வேறொரு கல்வியை விதிக்கும் சட்டமும் வந்தன. பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பின்னர் வகுக்கப்பட்ட பிரிவுகளில் மலாயரும் இந்தியரும் வேறுவேறாக்கப்பட்டனர். ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத முஸ்லிம்கள் சட்டத்தின் கண்ணில் இரு இனத்தாராயினர்.

இக்கொள்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'அபார்ட்ஹைட்'. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'தனித்தனியாயிருத்தல்' என்பது அதன் பொருள். ஒவ்வோர் இனமும் தனக்குரிய இடத்தில் இருந்தால் அனைவரும் நலமாயிருப்பர் என்பதே அவர்கள் கூறிய நியாயம். மலான் அரசியலுக்கு வருமுன் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையில் போதகராக இருந்தவர். சமய நம்பிக்கையின் சொற்களாலேயே இந்நியாயம் மக்களிடம் எடுத்துச் செல்லப்பட்டது. அரபு அகராதி நூலார் 'ளுல்ம்' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைப்பதே ளுல்ம் என்பர் அவர்கள். அநீதி என்பது வெறும் அடியும் உதையும் அன்று, இடம் மாற்றி வைத்தலே அதன் வேர் என்று அவ்விளக்கம் உணர்த்துகிறது. அனைத்தையும் அதனதன் இடத்தில் வைப்பதாகச் சொல்லிக்கொண்டே, இலட்சக்கணக்கான மனிதரை அவர்தம் இடத்திலிருந்து பெயர்த்த ஓர் அரசுக்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

புதினம்

பேட்டன் 1903இல் நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1935 முதல் 1948 வரை ஜோஹன்னஸ்பர்க் அருகே டீப்க்ளூஃப் என்னுமிடத்தில், குற்றம் புரிந்த ஆப்பிரிக்கச் சிறுவர்க்கான சீர்திருத்தப் பள்ளியின் தலைவராகப் பணியாற்றியவர். முள்வேலிகளை அகற்றி, நன்னடத்தை உடைய சிறுவரை வீட்டுக்குச் சென்று வரவும் அனுமதித்தவர். பிற நாடுகளின் சிறைகளையும் சீர்திருத்தப் பள்ளிகளையும் பார்வையிடப் பயணம் மேற்கொண்டிருந்தபோது, 1946 செப்டம்பரில் நார்வே நாட்டு ட்ரோன்ஹைம் நகரில் இந்நூலை எழுதத் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் முடித்தார்.

கதை எளிமையானது. நேட்டாலின் மலைப்புறத்தில் உள்ள எண்டோட்ஷெனி என்னும் சிற்றூரின் ஆங்கிலிகன் போதகர் ஸ்டீபன் குமாலோ ஒரு ஜூலு முதியவர். நோயுற்ற தங்கையையும், திரும்பி வராத மகன் அப்சலோமையும் தேடி அவர் ஜோஹன்னஸ்பர்க் செல்கிறார். தங்கை கள்ளச் சாராயமும் கெட்ட நடத்தையுமாக வாழ்கிறாள். மகனோ, ஒரு வீட்டில் திருடப் புகுந்து, அச்சத்தால் சுட்டு, ஒரு வெள்ளையரைக் கொன்றுவிட்டிருக்கிறான். கொல்லப்பட்ட ஆர்தர் ஜார்விஸ் ஆப்பிரிக்கரின் நலனுக்காகவே உழைத்து வந்தவர். ஆப்பிரிக்கரிடையே குற்றம் பெருகுவதேன் என்பது குறித்து எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் சுடப்படுகிறார். அவருடைய தந்தை ஜேம்ஸ் ஜார்விஸ், குமாலோவின் சிற்றூருக்கு மேலே உள்ள குன்றில் பண்ணை வைத்திருப்பவர். மகனை இழந்த ஒரு தந்தையும், மகனைத் தூக்குக்கு அனுப்பப் போகும் ஒரு தந்தையும் எதிர்ப்படுவதே புதினத்தின் நடுநாடி.

நிலத்தின் வருணனையோடு நூல் தொடங்குகிறது. மேலே வெள்ளையர் பண்ணைகளில் புல் அடர்ந்திருக்கிறது. கீழே ஆப்பிரிக்கர் வாழும் பள்ளத்தாக்கில் மண் அரிக்கப்பட்டுச் சிவந்து கிடக்கிறது. ஆடவர் நகரத்துச் சுரங்கங்களுக்குப் போய்விட, முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளுமே எஞ்சியிருக்கின்றனர். 1913ஆம் ஆண்டுச் சட்டம் என்ன செய்தது என்பதை ஒரு புள்ளிவிவரமும் இன்றி இவ்வருணனை காட்டிவிடுகிறது. ஆர்தரின் கையெழுத்துப் படியில் அதே செய்தி கணக்காகவும் வருகிறது. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, அவர்கள் நகரத்துக்கு வந்து கெட்டுப்போகிறார்கள் என்று புலம்புவது ஏன் என்பது அவருடைய கேள்வி. நிலம், கூலி, குடும்பச் சிதைவு, குற்றம் என்னும் கண்ணிகளை இணைத்துக் காட்டிய விதத்தில் இந்நூல் தன் காலத்து வெள்ளை எழுத்தாளர் பலரையும் விஞ்சி நிற்கிறது.

புதினத்தின் ஓர் அத்தியாயத்தில் பெயரற்ற வெள்ளையர் பலரின் குரல்கள் மாறி மாறி ஒலிக்கின்றன. காவலர் கூடுதலாக வேண்டும் என்கிறது ஒரு குரல். பள்ளிகள் வேண்டும் என்கிறது மற்றொன்று. நாட்டையே தனித்தனிப் பகுதிகளாகத் துண்டாடிவிட வேண்டும், கறுப்பர் இன்றி வெள்ளையரும் வெள்ளையர் இன்றிக் கறுப்பரும் வாழ வேண்டும் என்கிறது இன்னொன்று. அப்பகுதி எழுதப்பட்டபோது அது பல குரல்களுள் ஒன்றாகவே இருந்தது. நூல் வாசகரைச் சென்றடைந்த ஆண்டிலேயே அந்த ஒரு குரல் அரசாங்கமாயிற்று. குமாலோ ஜோஹன்னஸ்பர்க்கில் தங்கும் இடம் சோஃபியாடவுன். ஆப்பிரிக்கர் சொந்தமாக மனை வாங்க முடிந்த மிகச் சில நகர்ப்பகுதிகளுள் அதுவும் ஒன்று. 1955 பிப்ரவரியில் ஆயுதமேந்திய காவலர் புடைசூழ அங்குள்ள மக்கள் வெளியேற்றப்படலாயினர். வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வெள்ளையர்க்கான குடியிருப்பு எழுந்தது. 'வெற்றி' எனப் பொருள்படும் 'டிரியோம்ஃப்' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழைய பெயர் மீண்டது 2006இல்தான்.

நீதிபதியின் ஆசனம்

வழக்கு விசாரணைப் பகுதிகள் இந்நூலில் நுட்பமானவை. குற்றத்தில் உடன் சென்ற இருவர், ஒருவன் குமாலோவின் தம்பி ஜானின் மகன், தாங்கள் அங்கு இல்லவே இல்லை எனப் பொய்யுரைத்து விடுதலை பெறுகின்றனர். உண்மையை ஒப்புக்கொண்ட அப்சலோமுக்குத் தூக்குத் தண்டனை. கொல்லும் எண்ணம் இல்லை, அஞ்சிச் சுட்டேன் என்ற அவன் சொல்லை நீதிபதி ஏற்கவில்லை. மெய் சொன்னவன் சாகிறான் என்ற முரணைப் பேட்டன் எவ்வித ஆரவாரமும் இன்றி முன்வைக்கிறார்.

இவ்விடத்தில் சட்டம் குறித்து ஒரு கருத்து சொல்லப்படுகிறது. நீதிபதி சட்டத்தை ஆக்குபவர் அல்லர், மக்கள் ஆக்கிய சட்டத்தை நடத்துபவரே. சட்டம் அநீதியானதாயின் அதை மாற்றவேண்டியது சமுதாயத்தின் கடமை, அதுவரை இருக்கும் சட்டத்தின்படியே தீர்ப்பு அமையும் என்பது அக்கருத்தின் சாரம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது குறைகூற முடியாத வாதம். ஆனால் சட்டத்தை ஆக்கும் 'மக்கள்' யார் என்ற கேள்வி அங்குக் கேட்கப்படவில்லை. கூண்டில் நின்ற அப்சலோமுக்கோ, பார்வையாளர் வரிசையில் தனி இடத்தில் அமர்ந்திருந்த அவன் தந்தைக்கோ அச்சட்டத்தை ஆக்குவதில் எப்பங்கும் இருக்கவில்லை. 1948இல் சமுதாயம் சட்டத்தை மாற்றத்தான் செய்தது. வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் தங்கள் அச்சத்துக்கு ஏற்ப அதை மாற்றினார்கள். புதினத்தின் நீதிபதி மேற்கொண்ட நம்பிக்கையை நூல் வெளிவந்த நான்காம் திங்களே வரலாறு தலைகீழாக்கிக் காட்டியது.

பாலும் நிலமும்

மூன்றாம் பாகத்தில் குமாலோ ஊர் திரும்புகிறார். வறட்சியில் பிள்ளைகள் பாலின்றி நலிகின்றனர். ஒருநாள் விருந்தாக வந்த ஜார்விஸின் சிறிய பேரன் போதகரின் வீட்டில் குடிக்கப் பால் கேட்கிறான். ஊரிலேயே பால் இல்லை என்று அறிகிறான். அன்று மாலையே ஜார்விஸின் பண்ணையிலிருந்து பால் வருகிறது. பின்னர் அவர் ஒரு வேளாண்மைப் பயிற்றுநரை வரவழைக்கிறார். நீர்த்தேக்கத்துக்கு இடம் குறிக்கப்படுகிறது. ஒழுகும் தேவாலயத்துக்குப் பதிலாகப் புதியது கட்டவும் அவர் முன்வருகிறார். மகனைக் கொன்றவனின் தந்தைக்கு ஒருவர் இவ்வாறு செய்வது சாதாரணச் செயலன்று. வாசிப்பவர் கண்கள் பனிக்கும் பகுதி இது. மன்னிப்பின் உயர்வைப் போற்றும் எச்சமயத்தாரும் இதனைக் குறைத்து மதிப்பிடார்.

பேட்டனைக் குறைகூறுவோர் பெரும்பாலும் இப்பகுதியையே சுட்டுவர். வெள்ளைப் பண்ணையாளர் கருணை காட்டுகிறார், கறுப்புப் போதகர் நன்றி பாராட்டுகிறார், நாட்டின் சிக்கல் ஒரு பள்ளத்தாக்கில் பால் பாத்திரங்களோடு தீர்ந்துவிடுகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. தென்னாப்பிரிக்க எழுத்தாளர் எஸ்கியா முபாலேலே 1962இல் வெளியிட்ட 'தி ஆஃப்ரிக்கன் இமேஜ்' என்னும் ஆய்வு நூலில் இப்புதினத்தின் போதனைத் தன்மையையும் பாத்திரங்களின் தட்டைத் தன்மையையும் கண்டித்தார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது புதினத்திலுள்ள ஒருவரைக் கணக்கில் கொள்ளவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் நெப்போலியன் லெட்சிட்சி என்னும் இளைஞர். மேலே சொன்ன வேளாண்மைப் பயிற்றுநர் அவரே. ஜார்விஸின் ஊதியத்தில் பணிபுரிபவர். ஜார்விஸின் நற்செயல்களைக் குமாலோ வியந்து பேசும்போது, லெட்சிட்சி பணிவோடு மறுக்கிறார். எங்களுக்கு இவ்வளவு சிறிய நிலத்தைத் தந்தவர்கள் வெள்ளையரே. எங்களை நிலத்திலிருந்து வேலைக்கு இழுத்துச் சென்றவர்களும் அவர்களே. எங்கள் அறியாமையும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த நல்ல வெள்ளையர் செய்வது திருப்பிச் செலுத்துதல் மட்டுமே என்பது அவர் கூறுவதன் கருத்து. குமாலோவுக்கு இப்பேச்சு பிடிக்கவில்லை. யாரையும் வெறுக்காதே, யார்மீதும் அதிகாரம் நாடாதே என்று இளைஞரை எச்சரிக்கிறார். லெட்சிட்சி வெறுப்பவர் அல்லர். அதிகாரம் நாடுபவரும் அல்லர். வெறுப்பின்றியே ஒருவர் தமக்குரியதைத் தமக்குரியது என்று சொல்ல முடியும் என்பதை அவர் காட்டுகிறார்.

இந்த ஒரு சொல்லாடலில் பேட்டன் தம் புதினத்தைத் தாமே விமர்சித்துவிட்டார் என்று நாம் கருதுகிறோம். நம் ஃபிக்ஹு நூல்களில் 'கஸ்ப்' என்னும் பாடம் உண்டு. பிறர் பொருளை வலிந்து கைப்பற்றியவர் மீதுள்ள கடமைகளை அது பேசும். கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தரவேண்டும், அழிந்துபோயிருப்பின் ஈடு தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. அவ்வாறு தருவது ஹிபா, அதாவது அன்பளிப்பு, ஆகிவிடாது. தருபவர் எத்துணைக் கனிவோடு தந்தாலும் பொருளின் பெயர் மாறுவதில்லை. நீதியையும் நன்மையையும், அத்லையும் இஹ்ஸானையும், இறைமறை ஒருசேர ஏவும் வசனத்தில் நீதியே முன்னே வருகிறது. உரியதைக் கொடுத்தபின் மேலும் கொடுப்பதே நன்மையாகும். உரியதையே நன்மையென்று பெயரிட்டுக் கொடுப்போமாயின் பெறுபவர் வாழ்நாள் முழுதும் கடன்பட்டவராகிவிடுகிறார். கடன்பட்டவரோ கொடையாளராகி நிற்கிறார்.

குமாலோ இப்பிறழ்ச்சிக்குள் வாழ்பவர். அதனால்தான் அவருடைய நன்றி நம்மை உருக்குகிறது. உருக்கும்போதே உறுத்தவும் செய்கிறது. லெட்சிட்சி இப்பிறழ்ச்சியைக் கண்டவர். ஆசிரியர் அவருக்குச் சில பக்கங்களே தந்துள்ளார். தந்ததோடு அமையாமல், முதியவரின் அச்சத்தை அவர்மீது ஏவி அவர் குரலைத் தணித்தும் விடுகிறார். நீக்கிவிடவில்லை என்பதே நூலின் நேர்மை. விரித்துரைக்கவில்லை என்பது நூலின் எல்லை.

புதினம் காணாதவை

இவ்வெல்லை புதினத்தின் அரசியல் பகுதிகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நூல் தொடங்கப்படுவதற்கு ஒரு திங்களுக்கு முன், 1946 ஆகஸ்ட் 12ஆம் நாள், ஜோஹன்னஸ்பர்க் பகுதித் தங்கச் சுரங்கங்களில் ஆப்பிரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் கூலி என்பது அவர்களுடைய கோரிக்கை. 60,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அப்போராட்டத்தைக் காவலர் துப்பாக்கியாலும் தடியாலும் சில நாள்களில் ஒடுக்கினர். குறைந்தது 9 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். புதினத்திலும் ஒரு சுரங்க வேலைநிறுத்தம் வருகிறது. அது ஒரே சுரங்கத்தோடு அடங்கிவிடுகிறது. மூவர் இறக்கின்றனர். சில பத்திகளில் அது வந்து மறைகிறது. கதைக்காக நிகழ்வைச் சுருக்க ஆசிரியர்க்கு உரிமை உண்டு. ஆனால் சுருக்கப்பட்டது எது என்பது கவனிக்கத்தக்கது.

போராட்டத் தலைவரை அவர் படைத்த விதமும் அவ்வாறே. ஜான் குமாலோ காளையின் குரல் படைத்த மேடைப் பேச்சாளர். ஆனால் கோழை. தம் கடையையும் செல்வத்தையும் இழக்க அஞ்சுபவர். தம் மகனைக் காப்பாற்ற அண்ணன் மகனைக் கைவிடுபவர். அலெக்சாண்ட்ராவிலிருந்து வரும் பேருந்துகளைப் புறக்கணிக்கும் இயக்கத்தை முன்னின்று நடத்தும் டுபுலா நேர்மையானவர், துணிவுள்ளவர். அவர் சாலையோரத்தில் ஒரு காட்சியில் வந்து போகிறார். 1943, 1944ஆம் ஆண்டுகளில் அலெக்சாண்ட்ரா மக்கள் உண்மையாகவே கட்டண உயர்வை எதிர்த்து நாள்தோறும் பல மைல் நடந்தார்கள். 1944இல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் அது நீடித்தது. பேட்டன் அந்நடையை மதிப்போடு எழுதுகிறார். ஆயினும் நடந்தவர்களைவிட, அவர்களைத் தம் காரில் ஏற்றிச் சென்ற வெள்ளையரின் இரக்கமே அங்கு ஒளி பெறுகிறது.

இந்திய வாசகர்க்கு மற்றொரு குறையும் புலப்படும். ஆர்தரின் இறுதிச் சடங்கில் இந்தியரும் வந்திருந்தனர் என்ற குறிப்பு நூலில் உண்டு. கதையை நகர்த்தும் பாத்திரங்களில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. கதையின் களமோ நேட்டால். 1860 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர், தெலுங்கரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினராக வாழும் மாநிலம் அது. மேற்குறித்த 1946ஆம் ஆண்டு நிலச் சட்டத்தை எதிர்த்து, ஜூன் 13ஆம் நாள் டர்பனில் அறப்போர் தொடங்கியது. தமிழ் வழித்தோன்றலான மருத்துவர் மான்ட்டி நாயக்கரும், முஸ்லிமான மருத்துவர் யூசுஃப் தாதூவும் அதன் தலைவர்கள். 1948 வரை நீடித்த அப்போரில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை சென்றனர். 1947 மார்ச்சில் இவ்விருவரும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் மருத்துவர் ஸூமாவுடன் கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். 'மருத்துவர் உடன்படிக்கை' என்று பெயர் பெற்ற அதுவே பின்னாளின் கூட்டுப் போராட்டங்களுக்கு அடித்தளமாயிற்று. சட்டம் மாற வேண்டும் என்று புதினத்தின் நீதிபதி பொதுவாகச் சொன்னதை, இவர்கள் சிறைக்கதவைத் தட்டிச் சொன்னார்கள்.

புதினக் கலைக்கு இது இயலாத பொருளன்று. பீட்டர் ஆப்ரஹாம்ஸின் 'மைன் பாய்' 1946இலேயே வெளியாகிவிட்டது. ஜோஹன்னஸ்பர்க்கின் 'மலாய் முகாம்' என்ற குடியிருப்புக்கு வேலை தேடி வரும் ஸூமா என்னும் இளைஞன் அதன் நாயகன். சுரங்கம் இடிந்து தோழர்கள் மாண்டபின், சீர்செய்யாமல் கீழே இறங்கமாட்டோம் என்று அவன் தொழிலாளரோடு நின்று மறுக்கிறான். அவனோடு நிற்கும் வெள்ளையரான பாடி கைதானபின், தப்பிவிட்ட அவன் தானே சிறையை நாடிப் போவதோடு கதை முடிகிறது. மொழியழகிலும் உணர்ச்சியின் ஆழத்திலும் பேட்டனின் நூலே மேம்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆப்ரஹாம்ஸின் வெள்ளையர் கொடுப்பவராக வரவில்லை, உடன் நிற்பவராக வருகிறார். இவ்வேறுபாடு சிறியதன்று.

பேட்டனின் வாழ்வு அவருடைய நூலைவிட நெடுந்தொலைவு சென்றது என்பதையும் இங்குப் பதிவு செய்வது நீதியாகும். 1953இல் எல்லா இனத்தாரும் உறுப்பினராகத்தக்க லிபரல் கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். 1960இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. இனங்கலந்த கட்சிகளைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தபோது, வெள்ளையர் மட்டுமான கட்சியாகத் தொடர்வதினும் கலைவதே மேல் என்று லிபரல் கட்சி கலைந்தது. 1964இல் ரிவோனியா வழக்கில் நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் தூக்குத் தண்டனையை எதிர்நோக்கி நின்றபோது, தண்டனையைத் தணிக்குமாறு கோரிச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் அவர். அரசு வழக்கறிஞர் அவரையே குற்றவாளி போல் குறுக்கு விசாரணை செய்தார். அப்சலோமுக்காகப் புதினத்தில் கேட்கப்பட்டு மறுக்கப்பட்ட கருணையை, அவர் மெய்யான ஒரு நீதிமன்றத்தில் கேட்டார். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனையே கிடைத்தது.

சட்டம் மாறிய பிறகு

மகன் தூக்கிலிடப்படும் விடியலில் குமாலோ மலைமீது தனித்திருந்து தொழுவதோடு புதினம் நிறைவுறுகிறது. விடுதலையின் விடியல் எப்போது வரும் என்பது மறைபொருள் என்ற உணர்வோடு ஆசிரியர் எழுதுகோலை வைக்கிறார். அவ்விடியலைக் காண அவர் இருக்கவில்லை. 1988இல் மறைந்தார். 1991இல் இனவழி நிலச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1994 ஏப்ரலில் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

1995 ஜூன் 6ஆம் நாள் புதிய அரசமைப்பு நீதிமன்றம், மரண தண்டனை அரசமைப்புக்கு முரணானது எனப் பதினொரு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அப்பதினொருவருள் ஒருவர் இஸ்மாயில் முஹம்மது. இந்திய வழித்தோன்றலான முஸ்லிம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்திருந்த ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் இந்தியர் இரவு தங்கச் சட்டம் இடந்தராத காலத்தில், வாதாடிவிட்டு இரவுக்கு மாநில எல்லையைக் கடந்து சென்று மறுநாள் மீண்டும் வந்த வழக்கறிஞர் அவர். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். நீதிபதி சட்டத்தை ஆக்குபவர் அல்லர் என்று புதினம் சொன்னது. சட்டம் யாரை வெளியே நிறுத்தியதோ அவரே நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தபோது, அப்சலோம்களின் கழுத்திலிருந்து கயிறு அகன்றது.

ஆயினும் லெட்சிட்சியின் கணக்கு இன்னும் தீரவில்லை. 2017இல் தென்னாப்பிரிக்க அரசு வெளியிட்ட நிலத் தணிக்கை அறிக்கையின்படி, தனிநபர் பெயரில் உள்ள விவசாய நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடமே இருந்தது. நிலத்தைத் திரும்பப் பெறும் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்ட பின்னும் நிலைமை இது. உரிமையாளரிடமிருந்து எவ்விலைக்கு, எந்நிபந்தனையில் நிலத்தை எடுக்கலாம் என்ற வாதம் அந்நாட்டில் இன்றளவும் ஓயவில்லை. அவ்வாதத்தில் ஒரு தரப்பார் தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பேசுகின்றனர். மறுதரப்பார் தமக்கு எது வரவேண்டியிருக்கிறது என்று பேசுகின்றனர். கொடையென்றும் கடனென்றும் குமாலோவும் லெட்சிட்சியும் பேசிக்கொண்டது இதைத்தான்.

எனவே இப்புதினத்தை இன்று கையிலெடுப்போர், இரு தந்தையரின் துயரோடு நின்றுவிடாமல், மூன்றாம் பாகத்தின் அச்சிறு உரையாடலை ஒருமுறை நிறுத்திப் படிக்குமாறு வேண்டுகிறோம். இரக்கத்தை எழுதுவதில் பேட்டனுக்கு இணையானவர் அரியர். அவ்விரக்கத்தின் கணக்கைச் சரியாகப் போட்டவர் அவருடைய புதினத்தில் சில பக்கங்களே பேச விடப்பட்ட அந்தப் பயிற்றுநர்தாம்.